தோட்டத்துப் பசியும் உடம்பின் சேமிப்புக் கணக்கும்

"பசியாறியாச்சா?" இந்தக் கேள்வி இல்லாமல் மலேசியத் தமிழர் வீட்டில் காலைப்பொழுது நகர்வதில்லை. தோட்டத்து லயங்களில் புழங்கிய இந்த விசாரிப்பு இன்று ஜோகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. பசியை 'ஆற்ற' வேண்டும் என்கிறது தமிழ். ஆற்றுவதற்கு அது என்ன நெருப்பா என்று கேட்டால், ஆம், நெருப்புதான். வயிற்றுத் தீ என்று முன்னோர் சொன்னதில் பாதி உவமை, பாதி உண்மை. உடம்புக்குள் நடப்பது ஒருவகை எரிதல் என்பதை 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் அளந்தே காட்டினார். விளக்கு எரியும்போது எப்படிப் பிராணவாயு செலவாகி, கரியமில வாயுவும் வெப்பமும் வெளிவருகின்றனவோ, அப்படியே மூச்சு விடும் உயிரிலும் நடக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இந்தத் தீக்கு வெளியிலிருந்து விறகு வராமல் போன காலம் ஒன்று ஜோகூர்த் தமிழர்களுக்கு வந்தது. மூன்றரை ஆண்டுகள். வயதானவர்கள் இன்றும் அதை 'ஜப்பான்காரன் காலம்' என்றுதான் சொல்கிறார்கள். சோறில்லாத அந்த நாட்களில் ஒரு மனித உடம்பு எதை எரித்து உயிரைக் காத்தது, எது வரைக்கும் காத்தது, எந்த இடத்தில் கைவிட்டது? இந்தக் கேள்விக்கான விடை அப்போது யாருக்கும் முழுமையாகத் தெரியாது. விந்தை என்னவென்றால், அதே ஆண்டுகளில்தான் உலகின் வேறு மூலைகளில் அந்த விடை துண்டு துண்டாகக் கிடைத்துக் கொண்டிருந்தது.

அரிசி நின்றபோது

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜோகூருக்குள் இறங்கி வந்தது. ஜனவரி 31ஆம் நாள் கடைசி பிரிட்டிஷ் படைகள் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போய், பின்னாலேயே பாலத்தை வெடிவைத்து உடைத்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று ரயில் பாதையை ஒட்டி நீண்டு கிடந்த ரப்பர் தோட்டங்களில் துரைமார் இல்லை. ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகளாகிவிட்டன. பால் வாங்க ஆளில்லாதபோது மரம் சீவ வேலை ஏது? வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை. சம்பளம் இருந்தாலும் வாங்க அரிசி இல்லை.

அந்தக் காலத்து மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தருவித்து வந்தது. போர் கப்பல்களை விழுங்கியது. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தும் பயனில்லை. லயத்தைச் சுற்றியிருந்த வெற்று நிலம், ரப்பர் மரங்களுக்கு இடைப்பட்ட நிலம் எல்லாம் மரவள்ளிக் காடாயின. சிங்கப்பூரில் வாய்கள் அதிகம் என்று 1943இன் பிற்பகுதியிலிருந்து சீனக் குடும்பங்களை ஜோகூரின் கிழக்குக் கரையில் உள்ள எண்டாவ் காட்டுக்கு அனுப்பி, நீங்களே பயிரிட்டு உண்ணுங்கள் என்று குடியேற்றினார்கள்.

மரவள்ளியைக் குறை சொல்வதற்கில்லை. பல்லாயிரம் உயிர்களைக் காத்த கிழங்கு அது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். வயிறு நிரம்பும். தசையைப் பழுது பார்க்கச் சாமான் இருக்காது. அதனால்தான் அக்காலத்தில் பலருக்கு உடம்பு வற்றியபோதே காலும் முகமும் வீங்கின. இதற்கு ஒரு காரணம், இரத்தத்தில் உள்ள அல்புமின் என்னும் புரதம் குறைந்து போவது. நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. இதே அல்புமினுக்கு இன்னொரு வேலையும் இருப்பது இந்தக் கட்டுரையில் பின்னால் வரும்.

இங்கே அரிசியைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். மலாயாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளர்களை வாட்டியபோது, தமிழர்களிடையே அது அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. மற்றவர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தவிட்டோடு போகும் தயமின் என்னும் வைட்டமின் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. புழுங்கல் அரிசிக் கப்பல் நின்றபோது தமிழர்கள் இழந்தது வெறும் சோற்றை மட்டுமல்ல, அந்தக் காப்பையும் சேர்த்துத்தான்.

அடுப்படிப் பானையும் நெற்குதிரும்

உடம்பு தன் எரிபொருளை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது. பழைய கிராமத்து வீட்டை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். அடுப்படியில் அன்றாடம் எடுத்துச் சமைக்க ஒரு பானை அரிசி இருக்கும். உள்ளே பெரிய குதிரில் ஆண்டு முழுவதற்கும் நெல் இருக்கும். பானையில் இருப்பது கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு அது இருக்கும். எல்லாம் சேர்த்து 2,000 கலோரி. ஒரு நாள் பட்டினியில் ஈரல் பானை காலியாகிவிடும்.

குதிர்தான் கொழுப்பு. 70 கிலோ எடையுள்ள சராசரி ஆணிடம் 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும் என்றால் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஆக, குதிரில் இருப்பது ஒரு லட்சம் கலோரிக்கு மேல். கிளைக்கோஜனைச் சேமித்தால் அதோடு மும்மடங்கு தண்ணீரையும் சுமக்க வேண்டும். கொழுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு லட்சம் கலோரியையும் கிளைக்கோஜனாகவே சுமப்பதென்றால் மனிதன் நடக்கவே முடியாத பாரத்தோடு திரிந்திருப்பான். 'உனக்குக் கொழுப்பு அதிகம்' என்று திமிரைச் சொல்லி ஏசுவது நம் வழக்கம். உடம்பின் பார்வையில் அது திமிரல்ல, முன்யோசனை.

அந்தக் குதிரில் இருப்பது என்ன என்று முதலில் பிரித்துப் பார்த்தவர் பிரான்சின் செவ்ரோல். 102 ஆண்டுகள் வாழ்ந்த இந்த மனிதர், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்று 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஒரு கிளிசராலின் முதுகில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொற்றிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. இவற்றில் மிக அதிகமாகக் காணப்படும் ஒன்றுக்குப் பால்மிடிக் அமிலம் என்று பெயர். 1840இல் எட்மண்ட் ஃபிரெமி பனை எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்ததால் வந்த பெயர். ஜோகூரில் சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கும் செம்பனை மரங்களின் எண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது இந்த அமிலம்தான். மனித உடம்பின் கொழுப்பிலும் ஏறக்குறைய கால் பங்கு இதுவே. மரமும் மனிதனும் ஒரே பொருளைத்தான் சேர்த்து வைக்கிறார்கள். மரம் விதைக்காகவும் கனிக்காகவும், மனிதன் பஞ்சத்துக்காகவும்.

ஈரிரண்டாக வெட்டும் கத்தரி

பால்மிடிக் அமிலம் என்பது பதினாறு கரி அணுக்கள் கோர்த்த சங்கிலி. இதை உடம்பு எங்கே, எப்படி வெட்டுகிறது? ஜெர்மனியின் ஃபிரான்ஸ் நூப் 1904இல் ஒரு தந்திரம் செய்தார். உடம்பால் எரிக்க முடியாத ஒரு வளையத்தைக் கொழுப்பு அமிலச் சங்கிலியின் வாலில் கட்டி நாய்களுக்கு ஊட்டினார். மாட்டின் கழுத்தில் மணி கட்டி அனுப்புவதைப் போன்ற வேலை. பிறகு நாய்களின் சிறுநீரில் அந்த மணி எந்த உருவில் வெளிவருகிறது என்று பார்த்தார். சங்கிலி இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பொருள், ஒற்றைப்படையாக இருந்தால் வேறொரு பொருள். அப்படியென்றால் உடம்பு சங்கிலியை ஒவ்வொன்றாக வெட்டவில்லை, ஈரிரண்டாக வெட்டுகிறது என்று முடிவு செய்தார். நவீனக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் சொன்னது இன்று வரை மாறவில்லை. பதினாறு அணுச் சங்கிலிக்கு ஏழு வெட்டு, எட்டுத் துண்டு.

அந்த எட்டுத் துண்டும் எரிந்து கிடைக்கும் சக்தி எந்தக் காசாக மாறுகிறது என்ற கேள்விக்கு விடை தந்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். கதர் உடுத்தி வந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைந்த சான்றிதழே கிடைத்தது. 1923இல் பாஸ்டன் போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டார். உடம்பில் எந்த வேலைக்கும் செலவாகும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி. தான். விரல் அசைப்பதும் இதயம் துடிப்பதும் இந்தக் காசில்தான். ஒரு பால்மிடிக் சங்கிலி முழுதாக எரிந்தால் 106 காசு. ஒரு சர்க்கரை மூலக்கூறு எரிந்தால் ஏறக்குறைய 30. சுப்பாராவ் 1948இல் இறந்தார். அவர் படித்த ஊரிலேயே அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

வெட்டும் பட்டறை எங்கே இருக்கிறது என்பது அவர் இறந்த அந்த ஆண்டையொட்டி 1948, 49இல் அமெரிக்காவில் யூஜின் கென்னடி, ஆல்பர்ட் லெனிஞ்சர் இருவராலும் தெரிந்தது. உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புதான் அந்தப் பட்டறை. வெட்டிய இரண்டணுத் துண்டின் உண்மை உருவத்தை 1951இல் ஜெர்மனியின் ஃபியோடோர் லைனன் கண்டுபிடித்தார். 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குதிரைத் திறக்கும் சாவி யாரிடம் என்பது மட்டும் இன்னும் தாமதமாகத் தெரிந்தது. உண்டு முடித்ததும் இரத்தத்தில் ஏறும் இன்சுலின் குதிரைப் பூட்டி வைக்கிறது. பட்டினியில் இன்சுலின் இறங்கும், குளூக்ககானும் அட்ரினலினும் ஏறும், பூட்டுத் திறக்கும். கிளிசராலிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு இரத்தத்தில் விழும். எண்ணெய் தண்ணீரில் கலக்காதல்லவா? அதனால் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு தசைக்கும் இதயத்துக்கும் கொண்டு போவது முன்னே சொன்ன அல்புமின். 1956இல்தான் இந்தப் போக்குவரத்து தெளிவாயிற்று. முதல் அமிலத்தைக் கழற்றும் முக்கிய நொதி ஒன்று 2004இல்தான் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கண்டறியப்பட்டது. மனிதன் நிலவுக்குப் போய் வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

சயாமுக்குப் போன ரயில்

1943இல் ஜோகூர்த் தோட்டங்களுக்கு வேறொரு அழைப்பு வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டும். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதம் வேலை, சோறு உண்டு என்றார்கள். பசியில் கிடந்தவர்களில் சிலர் நம்பிப் போனார்கள். பலரைப் பிடித்துப் போனார்கள். கூட்ஸ் வண்டிகளில் அடைத்து பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்தினார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர் 75,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓராண்டுக்கு மேல் மரவள்ளியில் காலம் தள்ளிய ஒருவர் 50 கிலோ எடை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடம்பில் கொழுப்பு 5 கிலோ. மூளை, நரம்பு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் இருக்கும் ஒரு கிலோ அளவைத் தொட முடியாது. மிச்சம் 4 கிலோ, 36,000 கலோரி. மலையுடைத்து மண் சுமப்பவருக்கு ஒரு நாளைக்கு 3,000 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். கிடைப்பது பாதிதான் என்றால் அன்றாடம் 1,500 கலோரி குதிரிலிருந்து போகிறது. 24 நாளில் குதிர் துடைத்து வைத்தது போலாகிவிடும். அதன்பிறகு எரிவது தசை. அதில் இதயத் தசையும் அடக்கம்.

நடைமுறையில் கணக்கு இத்தனை சுத்தமாக நடக்காது. ஆனால் அந்தக் காட்டில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் புரைப்புண்ணும் காத்திருந்தன. 1943 மழைக்காலத்தில் காலராவும் வந்தது. காய்ச்சல் என்பது எரியும் தீயை விசிறிவிடுவது. குதிர் நிறைந்தவன் தாங்குவான், வெறும் குதிரோடு வந்தவன் என்ன செய்வான்? அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் சாவு ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. கைதிகளுக்காவது தங்கள் படை மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிவைத் தள்ளிப் புதை என்று சொல்லவும் அதைச் செய்ய வைக்கவும் ஓர் அமைப்பு இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு அது எதுவும் இல்லை. அவர்கள் பசியால் மட்டும் சாகவில்லை; பசி அவர்களை நோய்க்கு எளிதாக்கிக் கொடுத்தது, கவனிப்பாரின்மை மிச்ச வேலையைச் செய்தது.

1943 அக்டோபர் 17இல் பாதை இணைந்தது. திரும்பி வந்தவர்களைத் தோட்டத்தில் அடையாளம் தெரியவில்லை.

ஒரு செய்தியை மேற்பார்வை செய்த ஜப்பானியர்கள் அறியவில்லை, அறிந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். பட்டினி கிடக்கும் உடம்பு சேமிப்பை எரிப்பதோடு நிற்காது, செலவையும் குறைக்கும். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலராகச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார். 24 வாரம் அரைப்பட்டினி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியோ 40 விழுக்காடு வரை இறங்கியது. நாடித்துடிப்பு மந்தமானது, குளிர் தாங்க முடியவில்லை, மாடிப்படி ஏறுவதே மலையாயிற்று. நாள் முழுக்க உணவைப் பற்றிய பேச்சுதான். பாதுகாப்பான கட்டடத்தில், மருத்துவர் கண்முன்னே இருந்த அமெரிக்க இளைஞர்களுக்கே இந்த நிலை. காட்டில் அதே மந்தத்தோடு மண்வெட்டி தூக்கிய தமிழனுக்கோ 'சோம்பேறி' என்று அடி விழுந்தது.

உண்ணாநோன்பு காட்டிய எல்லை

தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு மனிதன் எத்தனை நாள் இருக்க முடியும்? இதைச் சோதனைக்கூடத்தில் அல்ல, அரசியல் களத்தில் உயிரைக் கொடுத்துக் காட்டியவர்கள் பலர். 1920இல் அயர்லாந்தின் மெக்ஸ்வைனி 74 நாள். 1929இல் லாகூர்ச் சிறையில் ஜதீந்திர தாஸ் 63 நாள். 1952இல் சென்னை மயிலாப்பூரில் ஆந்திர மாநிலம் கேட்டு அக்டோபர் 19இல் அமர்ந்த பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15இல் இறந்தார். தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்பட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27இல் விருதுநகரில் தொடங்கிய சங்கரலிங்கனார் அக்டோபர் 13இல் உயிர் விட்டார். ஊர் வேறு, வயது வேறு, கோரிக்கை வேறு. நாட்கள் மட்டும் எட்டு வாரத்துக்கும் பதினொரு வாரத்துக்கும் இடையிலேயே முடிகின்றன. குதிரின் அளவு அது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருந்தது. மூளைக்குச் சர்க்கரைதான் உணவு என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் அதற்கு வேண்டும். கொழுப்பு அமிலத்தைச் சர்க்கரையாக மாற்ற மனித உடம்பால் முடியாது. அப்படியானால் தசையைக் கரைத்துத்தான் மூளைக்குச் சர்க்கரை செய்ய வேண்டும். அந்த வேகத்தில் தசை கரைந்தால் மூன்று வாரம்கூடத் தாங்காதே! எழுபது நாள் எப்படிச் சாத்தியம்?

1967இல் பாஸ்டனில் ஜார்ஜ் காஹிலின் குழு முடிச்சை அவிழ்த்தது. அளவுக்கு மீறிய உடற்பருமன் கொண்ட மூவர் மருத்துவமனையில் ஐந்தாறு வாரம் உண்ணாமல் இருந்தபோது, அவர்கள் மூளைக்குப் போகும் இரத்தத்தையும் திரும்பும் இரத்தத்தையும் அளந்தார்கள். மூளை தன் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன்களிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஈரல், கொழுப்பை வெட்டிய இரண்டணுத் துண்டுகளை இணைத்துச் செய்யும் பொருள்தான் கீட்டோன். நீரிழிவு முற்றியவர் மூச்சில் பழ வாசனையாக வருவதும் இந்த இனத்தைச் சேர்ந்த அசிட்டோன்தான். அதுவரை கீட்டோன் என்றாலே நோயின் அடையாளம் என்று அஞ்சியவர்கள், பட்டினியில் அதுவே மூளைக்கு ஊட்டும் கஞ்சி என்று கண்டார்கள். முதல் நாட்களில் அன்றாடம் 75 கிராம் கரையும் புரதம் சில வாரங்களில் 20 கிராமாகக் குறைந்துவிடுகிறது.

குதிர் பெரிதாக இருந்தால் எல்லை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரி சாட்சி. 207 கிலோ எடையோடு 1965 ஜூனில் தொடங்கி, மருத்துவர் மேற்பார்வையில் வைட்டமின்களும் உப்புகளும் மட்டும் எடுத்து 382 நாள் உண்ணாமல் இருந்து 82 கிலோவுக்கு வந்தார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயலக் கூடாது. அதே காலத்தில் இப்படிப்பட்ட நீண்ட பட்டினிச் சிகிச்சையில் இதயம் நின்று இறந்தவர்களும் உண்டு.

சோறு கொன்ற கதை

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். உணவு வந்தது. உலகம் முழுவதும் போர்முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட எலும்புக்கூடுகளுக்குப் பரிவோடு வயிறார உணவு கொடுத்தபோது, அவர்களில் சிலர் உண்ட சில நாட்களில் இறந்து போனார்கள். பட்டினியைத் தாங்கியவர் சோற்றில் சாவதா என்று மருத்துவர்கள் திகைத்தார்கள். காரணம் சுப்பாராவின் ஏ.டி.பி.யில் இருக்கிறது. அந்தக் காசு அச்சடிக்கப் பாஸ்பேட் வேண்டும். கொழுப்பை எரித்துக்கொண்டிருந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து கொட்டினால் இன்சுலின் எகிறும், சர்க்கரையோடு பாஸ்பேட்டும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் பாய்ந்துவிடும், இரத்தத்தில் அவை வற்றும், இதயம் தடுமாறும். தயமின் கையிருப்பு இல்லாதவருக்கு ஆபத்து இரட்டிப்பு. நீண்ட பட்டினிக்குப் பின் சிறிது சிறிதாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும் என்பது இன்று மருத்துவமனைகளில் விதி. நோன்பைக் கஞ்சியில் திறக்கும் பழக்கம் அறிவியல் சொல்லி வந்ததல்ல, ஆனால் அறிவியலோடு சண்டை போடவும் இல்லை.

மினசோட்டா இளைஞர்கள் மீண்டும் உண்ணத் தொடங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. தசை மெல்லத் திரும்பியது. கொழுப்பு முந்திக்கொண்டு வந்து, பழைய அளவையும் தாண்டிப் போனது. ஒரு முறை காலியான குதிரை உடம்பு அடுத்த முறை கூடுதலாக நிரப்பி வைக்கப் பார்க்கிறது.

போன கொழுப்பு எங்கே போயிற்று?

சயாமுக்கு 55 கிலோவாகப் போனவர் 40 கிலோவாகத் திரும்பினார் என்றால் அந்த 15 கிலோ எங்கே? வியர்வையாகப் போயிற்று, வெப்பமாகப் போயிற்று, தசையாக மாறிற்று என்று பலரும் சொல்வார்கள். 2014இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மீர்மன், பிரவுன் இருவரும் மருத்துவர்களிடமே இதைக் கேட்டபோது பெரும்பாலோர் தவறாகத்தான் சொன்னார்கள். பொருள் சக்தியாக மறைந்துவிடாது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ நீராகிறது. அதை எரிக்க 29 கிலோ பிராணவாயுவை உள்ளே இழுக்க வேண்டும். லவாய்சியர் அளந்த விளக்கின் கணக்கேதான். ஆக, அவர்கள் இழந்த கொழுப்பு வாம்போவிலும் நீக்கேயிலும் கின்சயோக்கிலும் வேலை செய்துகொண்டே விட்ட மூச்சாகத்தான் வெளியேறியது.

குதிர் நிரம்பி வழியும் காலம்

அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய் பக்கம் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். 2023இல் அது 54.4. நீரிழிவில் 2019 ஆய்வு காட்டியது இன்னும் கடுமை: மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மற்ற இரு பெரிய இனங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு.

இதற்கு வெறும் வாய்க்கட்டுப்பாடின்மையைக் காரணம் சொல்வது அநியாயம். புனே நகரின் டாக்டர் யாக்னிக், லண்டனின் யுட்கின் என்ற மருத்துவருடன் சேர்ந்து 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. இந்திய உடம்பு மெலிந்திருக்கும்போதே உள்ளே கொழுப்பை வைத்துக்கொள்கிறது, அதுவும் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றி. தாயின் வயிற்றிலேயே பசியைக் கண்ட குழந்தை பின்னாளில் கொழுப்பைச் சேர்க்கப் பழகுகிறது என்ற கருத்தும் உண்டு. 1944, 45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் அதற்குச் சான்று காட்டுகிறார்கள். ஜோகூர்த் தோட்டங்களில் அதே ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளை அப்படித் தேடிப்பிடித்துப் பதிந்து வைக்கத்தான் யாரும் இல்லை.

விரதம் இருந்தால் குதிர் திறக்கும் என்று நீரிழிவுக்காரர் சிலர் மருந்தோடு பட்டினி கிடக்கிறார்கள். இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை விழுந்து மயக்கம் வரலாம். வேறு சில மாத்திரைகளோடு கீட்டோன் மிகுந்து இரத்தம் புளித்துப் போகலாம். காஹில் கண்ட நன்மை செய்யும் கீட்டோன், இன்சுலின் அறவே இல்லாத உடம்பில் ஆளைக் கொல்லும். மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்குவது கூடாது.

நாசி லெமாக்கின் 'லெமாக்' என்ற மலாய்ச் சொல்லுக்குக் கொழுப்பு என்றுதான் பொருள். சாதாரணப் பொட்டலம் ஒன்றில் ஏறக்குறைய 400 கலோரி. அதைக் கரைக்க ஒன்றரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். 1941இல் விடியற்காலைப் பிரட்டு முடித்துக்கொண்டு, கையில் உளியும் தலையில் விளக்குமாக நானூறு ஐந்நூறு மரத்துக்கு நடந்து சீவி, பிறகு பால் வாளியையும் காண்டாவில் தூக்கி வந்தவர்கள் அதைப் பகல் பத்து மணிக்குள் எரித்து முடித்திருப்பார்கள்.